அமரர்களுக்காக எறிந்த கை

தலைவர் அண்ணை, அந்தக் கடிதம் உங்கள் சட்டைப் பையில் இருந்தது. வாசித்துவிட்டுத்தான் மடித்து வைத்தீர்கள். அதன் பிறகும் என் தம்பியைப் பந்து எறிய விட்டீர்கள்.

இந்த வருட விளையாட்டு விழாவுக்கு உங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு விளம்பரம் வெளியிட்டிருக்கிறது. அதில் தம்பியின் படம் இருக்கிறது. "தோள்மூட்டுக் காயம் காரணமாக ஓய்வு பெற்ற எமது வீரர் கஜன்" என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குத் தோள்மூட்டில் ஒரு காயமும் இல்லை. அது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் எழுத்தாளர் இல்லை. ஜேர்மனியில், வால்டோர்ஃபில் ஓர் அலுவலகக் கன்ரீனில் சமைக்கிறேன். எங்கள் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கும் என்ற பயத்தில் எழுதுகிறேன். வீட்டில் யாருக்காவது ஒரு கை மட்டும் வீங்கி, கனத்து, நிறம் மாறியிருந்தால் இதை முழுதும் வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்தக் கையை எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். இன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மீதியைப் பிறகு வாசிக்கலாம்.

தம்பி தொழில்முறைப் பேஸ்போல் வீரன். ஜேர்மனியில் பேஸ்போல் ஆடிச் சாப்பிடுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் தமிழன் என்றால் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான்.

நாங்கள் சின்ன வயதில் இருந்த தெருவின் கடைசியில் அமெரிக்க இராணுவக் குடியிருப்பு இருந்தது. அங்கே உள்ள பிள்ளைகளோடு ஒன்பது வயதில் விளையாடத் தொடங்கினான். அப்பா பல மாதம் அதைக் கிரிக்கெட் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை என்று தெரிந்த அன்று, "அப்ப என்னத்துக்கு?" என்று மட்டும் கேட்டார்.

பேஸ்போலில் எறிபவன் ஒருவன், அடிப்பவன் ஒருவன். தம்பி எறிபவன். மணிக்கு நூற்று நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் எறிவான். பதினெட்டு வயதில் ஓர் அமெரிக்க அணி அவனைக் கூப்பிட்டது. அங்கே அடிமட்டப் பிரிவில் மூன்று கோடை ஆடினான். நாலாவது வருடம் ஒருவர் அவனை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாராம். நீ இனி அணிக்கு வேண்டாம் என்று சொல்ல இரண்டு நிமிடம்தான் எடுத்ததாம். திரும்பி வந்து எங்கள் பகுதி முதற்பிரிவு அணியில் சேர்ந்தான். எட்டு வருடம் அதில் எறிந்தான். பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பழக்கினான். அப்பா ஒரு ஆட்டம்கூடப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காமலே மாரடைப்பில் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வருடம் தம்பி வன்னிக்குப் போனான். அங்கே செயற்கைக் கால் செய்கிற ஒரு பட்டறையைப் பார்த்தான். போரில் கால் போனவர்களுக்கு ஒரு கால் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நாங்கள் இங்கே நினைத்துக்கொண்டிருக்கிறோம். தம்பியும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

"அப்பிடியில்லை அக்கா. அது சப்பாத்து மாதிரி. தேயும். மிச்சக் கால் மெலியும், பூட்டின கால் பொருந்தாது. திரும்பத் திரும்பச் செய்ய வேணும். ஒருக்காக் குடுத்துப் படம் எடுத்தாக் காணாது."

வந்ததும் சங்கத்திடம் போனான். விழாவில் நான் பந்து எறிகிறேன், ஒவ்வொரு பந்தையும் ஒருவர் காசு கொடுத்துப் பொறுப்பெடுக்கட்டும், சேருவது பட்டறைக்குப் போகட்டும் என்றான். நல்ல யோசனைதான். அதில் பிழை ஒன்றும் இல்லை.

பந்தில் இறந்தவர்களின் பெயரை எழுதுவது சங்கத்தின் யோசனை. நாங்கள் எதையும் இறந்தவர்களின் நினைவாகத்தானே கொடுக்கிறோம். அமரர் இன்னார் நினைவாக மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று ஒலிவாங்கியில் வாசிப்பார்கள். தம்பி அந்தப் பந்தை எறிவான். அது மரப்பலகையில் பட்டுச் சத்தம் எழும்பும். சனம் கைதட்டும். பந்தை எடுத்துத் துடைத்துக் குடும்பத்திடம் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். ஜேர்மனியில் எத்தனையோ தமிழ் வீடுகளின் சாமி அறையில் மாலை போட்ட படத்தின் முன்னால் சிவப்பு நூல் தைத்த வெள்ளைப் பந்து ஒன்று இருக்கிறது. அது என் தம்பி எறிந்த பந்து.

முதல் வருடம் முப்பத்து நாலு பந்து. அடுத்த வருடம் தொண்ணூறு. மூன்றாம் வருடம் இருநூற்றாறு. ஓர் ஆட்டத்தில் ஓர் எறிபவன் நூறு பந்து எறிந்தால் அதன் பிறகு நாலைந்து நாள் பந்தைத் தொட விடமாட்டார்கள்.

மெல்ல எறியலாம்தானே என்று கேட்பீர்கள். எறிந்து பார்த்தான். இரண்டாம் வருடம் கடைசியில் வந்தவர்களுக்கு மெல்ல எறிந்தான். "எங்கட அம்மாக்கு மட்டும் தொட்டுப் போட்டவன்" என்று ஒரு குடும்பம் இன்னும் சொல்லித் திரிகிறது.

மூன்றாம் வருடம், விழாவுக்கு முன்னைய வியாழக்கிழமை. தம்பி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சட்டையின் வலது கை இறுகிக் கிடந்தது. மடிக்க முடியவில்லை. கையைக் காட்டச் சொன்னேன். இடது கையைவிட அது பெருத்திருந்தது. விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. நெஞ்சின் வலப்பக்கத்தில் தோளுக்குக் கீழே முன்பு தெரியாத நாளங்கள் கிளை விட்டுத் தெரிந்தன.

"நோகுதோ?"

"நோ இல்லை. கனக்குது. தண்ணிப் பை தூக்கிற மாதிரி."

பயிற்சியாளர் ஏற்கெனவே கண்டுவிட்டார். அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவனை எடுக்காமல் இருத்திவிட்டார். எலும்பு மருத்துவரிடம் அடுத்த புதன்கிழமைக்கு டெர்மின் (சந்திப்பு நேரம்) எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் தசை என்றே நினைத்தோம். அந்தப் பயிற்சியாளர்தான் சங்கத்துக்கு அந்தக் கடிதத்தை எழுதினார். கை வீங்கியிருப்பதால் மருத்துவர் பார்க்கும்வரை எறியக் கூடாது, கையெழுத்து வைக்கவும் படம் எடுக்கவும் வரலாம். நாலு வரி. எளிய டொச் (ஜேர்மன்) மொழி.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மைதானத்தின் உடைமாற்றும் அறையில் இருந்தோம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த நோவெண்ணெய்ப் போத்தலோடு போயிருந்தேன். எங்கள் வீட்டில் சுளுக்கு, பிடிப்பு, வீக்கம் எதுவென்றாலும் உருவுவோம். அம்மா உருவுவா. அம்மாவின் விரல் பலமிழந்த பிறகு நான். தம்பியின் சின்ன வயதிலிருந்து என் கைக்குள் வந்த கை அது.

மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி அழுத்தி உருவினேன்.

"அக்கா, உங்கட பலத்தைக் கன்ரீனில காட்டுங்கோ. இது கை. ரொட்டி மா இல்லை."

"வாயை மூடிக்கொண்டு இரு. பிடிப்பெண்டா அப்பிடித்தான் இருக்கும்."

"பிடிப்பில்லை அக்கா. இது என்ர கை மாதிரியே இல்லை. ஆரோ கழட்டிப் பூட்டின மாதிரிக் கிடக்கு."

"போன வருசமும் இதைத்தான் சொன்னனீ. பிறகு போய் எறிஞ்சனீ."

அக்குளுக்குப் பக்கத்தில் என் பெருவிரலில் கயிறு போல ஒன்று தட்டுப்பட்டது. தடித்து, உருண்டு, பெருவிரலுக்கு அடியில் நழுவியது. நரம்பு பிசகியிருக்கிறது என்று நினைத்தேன். அதைத் தேடித் தேடி அழுத்தினேன். இருபது நிமிடம்.

அந்த வசனத்தை எழுதுவதற்கு எனக்கு ஒன்றரை வருடம் எடுத்தது.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள், தலைவர் அண்ணை.

"என்ன தம்பி, ரெடியோ? சனம் நிறைஞ்சு போச்சு."

"அண்ணை, இண்டைக்கு எறியேலாது. கோச் கடிதம் தந்தவர்."

வாசித்தீர்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள். முப்பது வருடமாக இந்த நாட்டில் பயணமுகவர் நிலையம் நடத்துகிறவர் நீங்கள். எத்தனையோ பேருக்கு அரசாங்கக் கடிதம் வாசித்துச் சொன்னவர். உங்களுக்கு விளங்கவில்லை என்று மட்டும் சொல்லவேண்டாம்.

"உவங்கள் எல்லாத்துக்கும் கடிதம் எழுதுவாங்கள். இன்சூரன்சுக்குப் பயம். நீ ஒரு பத்து எறி தம்பி, தொடக்கி வைக்கிற மாதிரி. மிச்சத்தைப் பெடியள் எறிவாங்கள்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்: "பத்துத்தானே."

பத்து எறிந்தான். பதினோராவது பந்தை எறிய வேறு ஒரு பெடியன் வந்து நின்றான். வரிசையில் நின்ற அம்மா பந்தைக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டா. "இந்தத் தம்பி எறியட்டும். நான் ஹனோவரில இருந்து ரெயினில வந்தனான். என்ர பிள்ளையின்ர பேர் கிடக்கு இதில" என்றா.

அந்தப் பிள்ளை எப்படி இறந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும். தம்பி கையை நீட்டிப் பந்தை வாங்கினான். அதன் பிறகு எந்தப் பந்தையும் அவனால் மறுக்க முடியவில்லை. பதினோராவது அம்மாவின் பிள்ளைக்கு எறிந்துவிட்டுப் பன்னிரண்டாவது அம்மாவின் பிள்ளைக்கு எப்படி இல்லை என்பது?

நான் பக்கத்தில் நின்று பந்தை எடுத்துக் கொடுத்தேன். அறுபதுக்குப் பிறகு கையைத் தண்ணீர் வாளிக்குள் வைத்து வைத்து எடுத்தான். கை மங்கிய நாவற்பழ நிறத்தில் இருந்தது. நூறு தாண்டியதும் உங்களிடம் வந்தான்.

"அண்ணை, ஏலாது. விரல் விறைக்குது. பந்தை உணரேலாமல் கிடக்கு."

உங்கள் கையில் ஒலிவாங்கி இருந்தது. அதை மூடவில்லை. "தம்பிக்குக் கொஞ்சம் களைப்பாம். ஒரு பெரிய கைதட்டுக் குடுங்கோ பாப்பம்!" என்றீர்கள்.

முழு மைதானமும் எழும்பி நின்று கைதட்டியது. தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. திரும்பிப் போய் எறிந்தான்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். உருவியதோடு என் பங்கு முடியவில்லை.

கடைசி வரிசை போய்க்கொண்டிருந்தபோது நான் ஒரு பந்தை எடுத்தேன். தடித்த பேனையால் அதில் அப்பாவின் பெயரை எழுதினேன். அப்பா பிள்ளையை விளையாட விட்டுக் கெடுத்தார் என்று கதைத்த அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் அப்பாவின் பெயரை ஒலிவாங்கியில் வாசிக்க வேண்டும், தம்பி எறிய வேண்டும், அவர்கள் கைதட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. கையின் நிறம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

தம்பி பந்தைத் திருப்பிப் பெயரை வாசித்தான்.

"நீங்களுமோ அக்கா?"

அவ்வளவுதான் கேட்டான். எறிந்தான். அன்றைக்கு எழும்பிய சத்தங்களில் அதுதான் பெரியது. நான் பெருமையில் அழுதேன்.

அடுத்த நாள் திங்கள் காலை பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தான். நான் கன்ரீனில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, எஸ்-பான் ஸ்டேசன் படி. இருபது படி கூட இல்லை. மூச்சு வாங்குது, கிழவன் மாதிரி."

"நேற்று வெயில். ஏதாவது குடி. சாப்பிட்டனியோ?"

தொலைபேசி நின்றுவிட்டது. ரெயின் வந்திருக்கும் என்று நினைத்தேன். அவன் ரெயில் மேடையில் விழுந்திருந்தான். யாரோ ஒரு பெண் அவசர ஊர்தியை அழைத்திருக்கிறா. அந்தப் பெண்ணின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். தெரியாத ஒருத்தி காப்பாற்றினா.

மருத்துவமனை நடைபாதையில் மூன்று மணி நேரம் இருந்தேன். என் கையில் வெங்காய மணம். அதற்குக் கீழே இன்னும் நோவெண்ணெய் மணம். கழுவிக் கழுவிப் பார்த்தேன். போகவில்லை.

இரத்தக்குழாய் மருத்துவர் ஒரு பெண். உயரம், வேகமான நடை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எங்கள் இருவருக்கும் சொன்னா. கையிலிருந்து இதயத்துக்குத் திரும்புகிற பெரிய நாளத்தில் த்ரொம்போஸ (இரத்தம் உறைந்து கட்டியாகிக் குழாயை அடைப்பது). அதிலிருந்து ஒரு துண்டு உடைந்து நுரையீரலுக்குப் போய்விட்டது. அதற்குப் பெயர் நுரையீரல் எம்பொலி (இரத்தக்கட்டி நுரையீரலின் குழாயை அடைப்பது). பெரிய துண்டாக இருந்திருந்தால் மேடையிலேயே முடிந்திருக்கும்.

ஏன் என்று கேட்டேன். காறை எலும்பையும் முதல் விலா எலும்பையும் ஒரு தாளில் கீறிக் காட்டினா. அந்த நாளம் இரண்டுக்கும் நடுவில் போகிறது. கையை மேலே தூக்கி எறிகிற ஒவ்வொரு முறையும் நசிபடும். கதவிடுக்கில் அகப்பட்ட தண்ணீர்க்குழாய் மாதிரி என்றா. வருடக்கணக்காக நசிபட்ட குழாய் உள்ளே புண்பட்டு ஒருநாள் அடைத்துக்கொள்ளும். எறிகிறவர்களுக்கும் நீந்துகிறவர்களுக்கும் வருவது. வயது முப்பது, உடம்பில் கொழுப்பே இல்லை, புகை இல்லை. எதுவும் காப்பாற்றாது.

பிறகு கேட்டா: "வீங்கிய பிறகு அந்தக் கையை யாராவது அழுத்தி உருவினார்களா?"

நான் வாயைத் திறந்தேன். தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு "நைன்" என்றான். இல்லை என்று.

மருத்துவர் எழுதிக்கொண்டா. ஒக்சிசன் குழாய் மூக்கில் இருக்கும்போது தம்பி எனக்காகப் பொய் சொன்னான். நான் அதை விட்டுவிட்டேன்.

கையின் நாளத்துக்குள் கதீட்டர் (மெல்லிய நெகிழ் குழாய்) விட்டு, கட்டியைக் கரைக்கிற மருந்தை ஒரு நாள் முழுதும் சொட்டுச் சொட்டாகச் செலுத்தினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அசையாமல் கிடந்தான். அந்த மருந்து எங்கே வேண்டுமானாலும் இரத்தக்கசிவை உண்டாக்கலாம், மூளையிலும். அதனால் மணிக்கு ஒருமுறை தாதி வந்து பெயர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பா. ஒருமுறை, "செவ்வாய். ஆனா எனக்கு இன்னும் ஞாயிறு முடியேல்லை" என்று தமிழில் சொன்னான். தாதி பயந்து என்னைப் பார்த்தா. பகிடி விடுகிறான் என்று நான் டொச்சில் சொன்னேன். பகிடி இல்லை என்று இப்போது தெரிகிறது.

அடுத்த நாள் மருத்துவரை நடைபாதையில் மறித்தேன். உருவியது நான் என்று சொன்னேன். எங்கே, எவ்வளவு நேரம், எந்தப் பக்கமாக, எல்லாம் சொன்னேன். பெருவிரலுக்கு அடியில் கயிறு மாதிரித் தட்டுப்பட்டதையும் சொன்னேன்.

மருத்துவர் சொன்னா: "கட்டி அதற்கு முன்பே இருந்தது. எறிந்ததால் உடைந்திருக்கலாம். நீங்கள் அழுத்தியதால் உடைந்திருக்கலாம். தானாகவும் உடைந்திருக்கலாம். உங்களுக்கு ஒரு குற்றவாளி வேண்டுமென்றால் என்னால் தர முடியாது."

"அப்ப நான் என்ன செய்கிறது?"

"உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள். எண்ணெயோடு இங்கே வருகிற முதல் குடும்பம் நீங்கள் இல்லை."

பொதுப்பிரிவுக்கு மாற்றிய பிறகு நீங்கள் பார்க்க வந்தீர்கள், தலைவர் அண்ணை. பழக்கூடை கொண்டுவந்தீர்கள். சங்கத்துப் பக்கத்துக்கு ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டீர்கள். நான் மாட்டேன் என்றேன். கதிரையில் இருந்து பெருமூச்சு விட்டீர்கள்.

"எல்லாம் கண்ணூறு தம்பி. அவ்வளவு சனமும் உன்ர கையைத்தானே பார்த்தவை."

"ஓம் அண்ணை," என்றான் தம்பி. "கண்ணூறு பெருவிரல் தடிப்பில இருந்தது. டொக்டர் படம் எடுத்து வைச்சிருக்கிறா, பாக்கப் போறியளோ?"

நீங்கள் சிரித்தீர்கள். உங்களோடு வந்தவர்களும் சிரித்தார்கள். கடிதத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. கதைத்தால் என் பெருவிரலும் கதைக்கு வரும் என்று பயந்தேன்.

ஆறு வாரம் கழித்து முதல் விலா எலும்பை எடுத்தார்கள். அக்குளுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். நாளத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக எலும்பை எடுப்பது எனக்கு அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் முழுதாக விளங்கவில்லை. காலையும் மாலையும் இரத்தம் உறையாமல் தடுக்கிற மாத்திரை. சவரம் செய்யும்போது வெட்டினால் நிற்காது. மறுவாழ்வுப் பயிற்சி (அறுவைக்குப் பிறகு உடம்பைத் திரும்பப் பழக்குவது) நாலு மாதம். இறப்பர்ப் பட்டியை இழு, விடு. முப்பது தரம். பிறகு பந்து இல்லாமல் எறிகிற மாதிரிச் செய். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒன்றும் இல்லாததை எறிந்துகொண்டிருப்பான்.

சித்திரை மாதம் பயிற்சியாளர் அவனை மைதானத்துக்குக் கூப்பிட்டார். நானும் போனேன். பத்து மீற்றர் தூரத்தில் நின்று, "மெல்ல, சும்மா போடு" என்றார். தம்பி எறிந்தான். பந்து பாதியில் நிலத்தில் விழுந்து உருண்டு போனது. குனிந்து எடுத்து மறுபடியும் எறிந்தான். இப்போது போய்ச் சேர்ந்தது. ஆனால் அது யாரும் எறிகிற பந்து. நான் எறிந்தாலும் அப்படித்தான் போகும்.

"கை வருது. ஆனா பயந்து பயந்து வருது," என்றான்.

இதே அறுவை செய்து திரும்பவும் எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அதையும் சொல்ல வேண்டும். இந்த நோய் வந்தவர்கள் இதை வாசித்து நம்பிக்கை விட வேண்டாம். வீங்கிய முதல் நாளே போனவர்களுக்கு நாளம் நன்றாகத் திறந்துகொள்ளும் என்று மருத்துவர் சொன்னா. தம்பிக்குப் பாதிதான் திறந்தது. நாங்கள் நாலு நாள் தாமதித்தோம், அதில் ஒரு நாள் இருநூற்றாறு பந்து எறிந்தான்.

அணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மரியாதையாகச் சொன்னார்கள், கதவைச் சாத்தாமல். இப்போது ஒரு டயர்க் கடை அலுவலகத்தில் இருக்கிறான். சனத்துக்கு டெர்மின் கொடுக்கிற வேலை. பட்டறைக்கு இன்னும் தன் பாட்டில் காசு அனுப்பிக்கொண்டிருக்கிறான். யாருக்கும் சொல்வதில்லை. பந்தும் இல்லை, பெயரும் இல்லை.

அவன் மாறியது எனக்குத் தெரிகிறது. கதவை இடது கையால் திறப்பான். வெளியே போகுமுன் சட்டைக் கையை மடித்து இரண்டு மணிக்கட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பான், மற்றவர்கள் நேரம் பார்க்கிற மாதிரி. முன்பு அவனுடைய வருடம் பங்குனியில் தொடங்கிப் புரட்டாதியில் முடியும். இப்போது மாத்திரைப் பெட்டியில் ஏழு அறை இருக்கிறது. அதுதான் அவனுடைய வருடம்.

நானும் மாறிவிட்டேன். கன்ரீன் வரிசையில் தட்டை நீட்டுகிற கைகளைத்தான் பார்க்கிறேன், முகத்தை இல்லை. வலதும் இடதும் ஒரே பருமனா? மாப் பிசையும்போது ஏதாவது கட்டி தட்டுப்பட்டால் என் பெருவிரல் தானாக நின்றுவிடும். ஞாயிறு காலை ஒன்பது மணியிலிருந்து திங்கள் பதினொரு மணிவரை இருபத்தாறு மணி நேரம். அந்த இருபத்தாறு மணி நேரத்துக்குள் நான் இன்னும் இருக்கிறேன். எந்த மணியில் நிறுத்தியிருக்கலாம் என்று தேடுகிறேன். ஒவ்வொரு மணியிலும் நிறுத்தியிருக்கலாம்.

அப்பாவின் பந்து அம்மா வீட்டில் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்துவிடுங்கோ என்று சொன்னேன். அம்மா கேட்கவில்லை. "அது பிள்ளை தேப்பனுக்கு எறிஞ்சது" என்றா. நான் விளக்குக் கொளுத்தப் போகும்போது அதைப் பார்க்காமல் கொளுத்துகிறேன்.

தம்பிக்கு இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். உருவிய இடம் வந்ததும், "அதை எடுங்கோ அக்கா. சனம் உங்களைத்தான் பிடிக்கும்" என்றான். எடுக்கவில்லை. ஒருமுறை அவன் எனக்காகப் பொய் சொன்னது போதும்.

தலைவர் அண்ணை, இந்த வருடம் மூன்று பேர் எறிவார்கள் என்று போட்டிருக்கிறீர்கள். அவர்களில் ஒருவருடைய அம்மா என்னிடம் கேட்டா: "கஜனுக்கு உண்மையில என்ன நடந்தது? தோள்தானே?" அதற்குத்தான் இந்தப் பதில். அவவுக்கு என் பதில் மட்டும் காணாது. உங்களுடையதும் வேண்டும்.

நான் செய்ததை என் பெயர் தெரிந்த எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். உருவினேன். பத்துத்தானே என்றேன். அப்பாவின் பந்தைக் கொடுத்தேன். நீங்கள் செய்ததை நீங்கள் சொல்லுங்கள். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது? ஏன் மடித்து வைத்தீர்கள்? அவன் ஏலாது என்று சொன்னபோது ஏன் கைதட்டக் கேட்டீர்கள்?

எனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம். வீட்டுக்கு வர வேண்டாம். பழக்கூடை வேண்டாம். விழா அன்று முதல் பந்து எறிவதற்கு முன்னால், அதே மைதானத்தில், அதே ஒலிவாங்கியில், அந்தக் கடிதத்தை எல்லாருக்கும் கேட்கும்படி வாசியுங்கள். கடிதம் தொலைந்துவிட்டது என்றால் சொல்லுங்கள். பயிற்சியாளர் தந்த பிரதி என்னிடம் இருக்கிறது. முன்வரிசையில்தான் இருப்பேன்.